பறவைக்குக் கீழே

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இடது கண்ணுல புரை எடுத்திருக்கு, காத்து படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வலது கண்ணு இன்னும் பாக்கி. நீங்க கும்பகோணமா? நானும் கும்பகோணம்தான். தங்கச்சி மகளுக்கு நாளைக்குக் காலையில முகூர்த்தம். நான் தாய்மாமன். தாய்மாமன் இப்படி ஒத்தை ஆளா டவுன் பஸ் மாதிரி ஒரு பஸ்ல தொத்திக்கிட்டுப் போறானேன்னு பார்க்கிறீங்க. பார்க்கலையா? பரவாயில்ல, பாருங்க. பார்க்கிற மாதிரிதான் என்னை வச்சிருக்காங்க.

ஒரு கார் அனுப்பத் தோணலை பாருங்க. என் தங்கச்சி புனிதா போன்ல கேட்டா, இல்லேங்கலை. "கார் அனுப்பட்டுமாண்ணே?"ன்னு கேட்டா. வேணாம்னேன். வேணாம்னா உடனே சரின்னுடறதா? இன்னொரு தடவை கேக்க வேணாம்? என்னைக் கேட்டா நான் நாலு தடவை கேப்பேன். அது வளர்ப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே வளர்ப்புதான், அது வேற விஷயம்.

என் பேர் சிங்காரவடிவேலு. காரைக்கால்ல கூட்டுறவு பேங்க்ல நகை மதிப்பீட்டாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். அடமானத்துக்கு வர்ற நகையை உரைகல்லுல ஒரு தேய்ப்பு, அமிலம் ஒரு சொட்டு, தராசுல ஒரு நிறுப்பு. அவ்வளவுதான், சொல்லிடுவேன். என் கை பட்டு ஒரு கவரிங் நகை அந்த பேங்க்குக்குள்ள போனது கிடையாது. மேனேஜர்கள் வருவாங்க போவாங்க, எல்லாரும், "வடிவேலு சார் சொன்னாச் சரி"ன்னுதான் கையெழுத்துப் போடுவாங்க. அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து, நேத்து முளைச்ச பய, என் தங்கச்சி மகன் சேந்தன், சொல்றான்: "மாமா, கல்யாணச் சீர்ல தங்கம் எதுவும் வேணாம். உங்க கை பட்டா தங்கமும் தண்ணியா ஓடிடும்." வீட்டுல அத்தனை பேர் இருக்காங்க. பந்தக்கால் நடற அன்னைக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

எதுக்குச் சொன்னான்னு கேக்கலையே நீங்க? சொல்றேன். திருநள்ளாறு வந்தா பாதிக் கூட்டம் இறங்கிடும், அப்புறம் மெதுவாப் பேசலாம்.

எங்கப்பா சைகோன்ல இருந்தவர். எங்க பக்கத்துல அந்தக் காலத்துல பலபேர் போனாங்க. அங்க ஒரு ஜவுளிக்கடையில இருந்தார். சின்ன வயசுல எனக்கும் புனிதாவுக்கும் அவர் முகமே சரியாத் தெரியாது, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் வருவார், மிட்டாய் டப்பா கொண்டாருவார், போயிடுவார். கடைசியா மூட்டை கட்டிக்கிட்டு வந்தப்போ, பனியனுக்கு உள்பக்கம் தையல் போட்டு ரெண்டு காசு கொண்டாந்தார். அமெரிக்கா தங்கக் காசு. சாதாரணக் காசு இல்லை தம்பி, ஒண்ணொண்ணும் நாலு பவுனுக்கு மேல நிக்கும். ஒரு பக்கம் கிரீடம் வச்ச பொம்பளை முகம், சுத்தி நட்சத்திரம். மறுபக்கம் றெக்கை விரிச்ச பறவை, கழுகு. ரெண்டு காசுலயும் ஒரே வருஷம், ஆயிரத்து எண்ணூத்தி எழுபது. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கு ஏத்தம் தாழ்வு வரக் கூடாதுன்னு ஒரே வருஷமாத் தேடி வாங்கினாராம். அப்படிப்பட்ட மனுஷன்.

ஆனா ஒண்ணு. அவர் இருந்த கடைக்கு ஒரு அமெரிக்காக்காரன் பட்டுத்துணி வாங்க வருவானாம். அவன்கிட்ட இந்தக் காசைக் காட்டியிருக்கார். அவன் சொன்னானாம், திருப்பிப் பாரு, பறவைக்குக் கீழே பொடி எழுத்து இருக்கான்னு. காசு எந்த ஊர்ல அடிச்சதோ அந்த ஊர் எழுத்து அது. பெரிய ஊர்ல அடிச்சா எழுத்தே இருக்காது. ஒரு காசுல எஸ் இருந்துச்சாம், அது கடற்கரை ஊரு, அங்கே மலைமலையா அடிச்சாங்க, அதுக்குத் தங்கத்தோட விலைதான். இன்னொண்ணுல ரெண்டு எழுத்து. ரெண்டு சி. அது எங்கியோ பொட்டல்ல, வெள்ளிச் சுரங்கத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊராம். அந்த வருஷம்தான் அங்கே அடிக்கவே ஆரம்பிச்சாங்களாம், அடிச்சதே கொஞ்சம். "இதை எனக்குக் கொடு, மூணு பங்கு தர்றேன்"னு கேட்டிருக்கான். எங்கப்பா கொடுக்கலை.

அதை வச்சுக்கிட்டு சாகிற வரைக்கும் ஒரே பேச்சு. "வடிவேலு, ரெண்டு எழுத்து இருக்கிறது புனிதாவுக்கு. பொட்டப்புள்ளை, ஒரு ஆபத்துக்கு இருக்கட்டும்." நான் அப்பவே பேங்க்ல சேர்ந்துட்டேன். எனக்குச் சிரிப்பு வரும். உரைச்சுப் பார்த்தேன் தம்பி, ரெண்டும் ஒரே டச், அதாவது ஒரே சுத்தம். அதுவும் நம்ம பவுன் காசைவிட ஒரு மாத்துக் கம்மி. அமெரிக்காக்காரன் நூத்துக்குப் பத்து செம்பு கலந்துடறான். இதுல எழுத்தென்ன எழுத்து? எழுத்து உருகுமா? தங்கம்தானே உருகும்? "அப்பா, தங்கத்துக்கு எழுத்து கிடையாது"ன்னு சொல்லியிருக்கேன் அவர்கிட்டயே.

அவர் போனப்புறம் நான்தான் பிரிச்சேன். எப்படிப் பிரிச்சேன்னு கேளுங்க, அப்பத்தான் உங்களுக்குத் தெரியும். தராசுல வச்சேன். ஒண்ணு முழு எடை, புதுசு மாதிரி. இன்னொண்ணு தேஞ்சுபோய், பொம்பளை முகத்துல மூக்கே மழுங்கி, எடையும் ஒரு துளி கம்மி. முழு எடையைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். தேஞ்சதை நான் எடுத்துக்கிட்டேன். எந்த அண்ணன் செய்வான் சொல்லுங்க? ஊர்ல யாரை வேணா கேளுங்க, வடிவேலு நல்லதைத் தங்கச்சிக்குக் கொடுத்தான்னுதான் சொல்லுவாங்க. நானே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

எழுத்தா? பார்க்கலை. எதுக்குப் பார்க்கணும்? புனிதா கேட்டா, "எழுத்து பார்த்துக் கொடுக்கிறியாண்ணே?"ன்னு. எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. "உனக்கு அண்ணன் மேல நம்பிக்கை இல்லேன்னா ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போ"ன்னேன். அழுதுட்டா. அதோட கேக்கலை.

என் பங்கு காசை என் சம்சாரம் செண்பகம் பதக்கமா மாட்டிக்கணும்னா. சரின்னு ஆசாரிகிட்டக் கொடுத்தேன். ஆசாரி, "எந்தப் பக்கம் மேலே வரணும்?"னு கேட்டார். பொம்பளை முகம் நேரா நிக்கணும், தலைகீழாத் தொங்கினா வீட்டுக்கு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். அந்தக் காசுல ஒரு வேடிக்கை தம்பி. இந்தப் பக்கம் முகம் நேரா இருந்தா, அந்தப் பக்கம் பறவை தலைகீழா இருக்கும். அவங்க ஊர் வழக்கம் அப்படி. அதனால முகத்துக்கு உச்சியில வளையம் வச்சா, பின்னால அது பறவைக்குக் கீழ்ப்பக்கத்துல போய் உக்காந்துடுது. காசு கனம்னு ஆசாரி பின்பக்கம் இலை மாதிரி ஒரு பட்டை வேற வச்சு, பொடி போட்டு ஊதிப் பத்த வச்சுட்டார். எழுத்து இருந்த இடம் அப்படியே பொடிக்குள்ள போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? பூந்திக்கொட்டை போட்டுத் தேச்சு, மெருகு போட்டு, பளபளன்னு கொடுத்தார். செண்பகம் கடைசி வரைக்கும் போட்டுக்கிட்டிருந்தா. அவ போய் மூணு வருஷம் ஆச்சு.

இருங்க, திருநள்ளாறு. கூட்டம் இறங்கட்டும். அம்மா, பையைப் பார்த்து, கண்ணுல பட்டுடப் போவுது! ஆபரேஷன் கண்ணு!

ஆங். அப்புறம் சேந்தனுக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைச்சுது. கட்டணம் கட்டப் பணம் இல்லை. புனிதா வீட்டுக்காரருக்கு அப்போ வியாபாரம் படுத்துப்போச்சு. புனிதா காசை எடுத்துக்கிட்டு என்கிட்டத்தான் வந்தா. வேற எங்கே போவா? நானே உருக்குற கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே ஒரு முறை இருக்கு தம்பி. காசை உருக்குறதுக்கு முன்னால, பார்ட்டி கண்ணு முன்னால வெட்டிக் காட்டணும். உள்ளே வேற உலோகம் இல்லேன்னு ரெண்டு தரப்புக்கும் தெரியணும், நாளைக்கு யாரும் மாத்திட்டேன்னு சொல்லக் கூடாது. வெட்டு உளியை வச்சுட்டார் கடைக்காரர். அப்ப இவ, "அண்ணே, இதுல எழுத்து..."ன்னு ஆரம்பிச்சா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம், நாலு பேர் முன்னால! "எழுத்துக்கு எவனும் விலை கொடுக்க மாட்டாம்மா, வாயை மூடிக்கிட்டு நில்லு"ன்னேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பி காலண்டரைப் பார்த்துக்கிட்டு நின்னா. ஒரே போடு, ரெண்டு துண்டு. அப்புறம் குகையில, அதான் உருக்குற மண் கிண்ணத்துல போட்டு, உருக்கிட்டாங்க.

நான் ஒரு பைசா கூடக் குறையாம வாங்கிக் கொடுத்தேன். டச் கம்மிக்குக் கழிச்சாங்க, அது நியாயம். உருக்குற சேதாரம், அதுவும் நியாயம். எனக்கு வழக்கமா ஒரு கமிஷன் உண்டு, அது யார்கிட்டயும் வாங்குறதுதான், தங்கச்சின்னு விட்டா தொழில்ல நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பான். மிச்சம் முழுக்க அவ கையில. அந்தக் காசு உருகினதுலதான் தம்பி அந்தப் பய படிச்சான். இன்னைக்குப் பெங்களூர்ல கண்ணாடிக் கட்டடத்துல உக்காந்திருக்கான்னா, அது யாரால?

அந்தப் பய, கம்ப்யூட்டர்ல எதையோ நோண்டிக்கிட்டே இருந்திருக்கான், தாத்தா சொன்ன கதை நினைவுக்கு வந்துடுச்சு. எழுபதாம் வருஷம், ரெண்டு சி. தேடிட்டான். உலகத்துலயே மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தானாம். தேஞ்சிருந்தாலும், கொக்கி வச்சுக் கெடுத்திருந்தாலும்கூட ஏலத்துல எடுக்க ஆள் இருக்காம். அதுக்கு அவன் சொன்ன விலையை உங்ககிட்டச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. கும்பகோணத்துல ஒரு மாடி வீடு தம்பி. வாசல்ல கார் நிறுத்த இடத்தோட.

எஸ் போட்டதுக்கு? ஒண்ணுமில்லை, தங்க விலைதான். கொஞ்சம் கூட வரலாம். அதே வருஷம், அதே பொம்பளை, அதே பறவை. ஒரு பொடி எழுத்துல என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

பந்தக்கால் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கேட்டான். "தாத்தா ரெண்டு எழுத்துக் காசை அம்மாவுக்குன்னு சொன்னாரா இல்லையா? அதை உருக்கினது யாரு? மாமா, நீங்க உருக்கினது காசு இல்லை, எங்க வீடு." நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டான். அப்புறம்தான் அந்தத் தண்ணியா ஓடுற பேச்சு. ஜனம் முழுக்கச் சிரிக்குது. முப்பது வருஷத்துக்கு மேல பேர் எடுத்தவன் நான். அடகு வைக்க வந்த பொம்பளைங்க என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க, நான் என்ன சொல்லப் போறேன்னு. அப்படி இருந்த ஆளு, பந்தல்ல நின்னு துண்டை உதறி உதறித் தோள்ல போட்டுக்கிட்டிருந்தேன்.

புனிதா சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. அவளாவது, "அண்ணனுக்கு என்ன தெரியும், நானும்தானே கூட நின்னேன்"னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? சொல்லலை. "மாமாவை விடுடா"ன்னா. அவ்வளவுதான். அழுத்தக்காரி. மனசுக்குள்ள அவளும் அதைத்தானே நினைச்சிருப்பா? எனக்கு அவ மகன் மேலகூட அவ்வளவு கோபம் இல்லை தம்பி. அவ பேசாம நின்னா பாருங்க, அதுதான் வயிறு எரியுது.

அதனால ஒரு முடிவு பண்ணினேன். என் பங்கு காசு இருக்கு இல்லையா, செண்பகம் போட்டிருந்தது? அதை எடுத்தேன். ஆசாரி மகன்கிட்டக் கொடுத்து வளையத்தையும் பட்டையையும் வெட்டி எடுத்துட்டேன். இதோ இந்தச் சுருக்குப் பையில இருக்கு. நாளைக்கு மாமன் சீர் வைக்கிறப்போ, மேடையில, எல்லார் முன்னாலயும், புனிதா கையில இதை வைக்கப் போறேன். "இந்தாம்மா. உன் காசை உருக்கினேன்னு தானே உன் மகன் சொன்னான்? என் காசை எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் வேணாம்." அந்தப் பய மூஞ்சியைப் பார்க்கணும் அப்போ. நாலு பவுனுக்கு மேல தம்பி, இன்னைக்குத் தங்கம் விக்கிற விலையில! எந்தத் தாய்மாமன் செய்வான்? ஊர் பேசும்ல, "வடிவேலு தன்கிட்ட இருந்ததையும் கழட்டிக் கொடுத்துட்டான்"னு? மனப்பூர்வமாத்தான் கொடுக்கிறேன். ரெண்டு நாளா நெஞ்சு லேசாயிடுச்சு எனக்கு, பொய் சொல்லலை. எனக்குப் பிள்ளையா குட்டியா?

உங்ககிட்ட ஒரு ஒத்தாசை. பேரளம் தாண்டிட்டோமா? சரி. பஸ்ல யாரும் நம்ம ஊர்க்காரங்க இல்லையே? காரைக்கால்ல யார்கிட்டயும் காட்ட முடியாது தம்பி, காட்டினா மறுநாள் மீன்கடையில பேசுவாங்க. இதைக் கொஞ்சம் பிடிங்க. திருப்புங்க. பறவை. அதுக்குக் கீழே பட்டை இருந்த இடம், கறுத்துப்போய் இருக்கா? ஆசாரி மகன் சுரண்டி விட்டிருக்கான். அங்கே எஸ் தெரியுதான்னு பாருங்க. தெரியும். எஸ்தான் இருக்கும், ரெண்டு எழுத்து அவளோட போயிடுச்சே. இருந்தாலும் கொடுக்கிற பொருளை என்னன்னு தெரிஞ்சு கொடுக்கணும். தொழில் புத்தி.

ஆமாம், போன்ல படம் எடுத்துப் பெருசு பண்ணுங்க. நல்ல யோசனை. எனக்கு இந்தக் கண்ணுல எல்லாம் புகையாத்தான் தெரியுது.

தெரியுதா தம்பி? எஸ்தானே?

ரெண்டா?

நல்லாப் பாருங்க. பொடி ஒட்டியிருக்கும். பிறை மாதிரி... ரெண்டு பிறையா? பக்கத்துப் பக்கத்துல? ஒரே பக்கம் வாயைத் திறந்துக்கிட்டு? இங்கே காட்டுங்க. இன்னும் பெருசு பண்ணுங்க. இன்னும்.

ரெண்டு சி.

அப்போ நான் உருக்கினது வெறும் எஸ்! தம்பி, நான் உருக்கலை! வீட்டை உருக்கினவன்னானே, எங்கேடா வீட்டை உருக்கினேன்? தேங்காய் மாதிரி முழுசா இருக்குடா! என் கை பட்டா தண்ணியா ஓடும்னான்! இப்பவே அவனுக்குப் போன் போடறேன், ஸ்பீக்கர்ல போடச் சொல்றேன், அத்தனை பேரும் கேக்கட்டும். இந்தாங்க, என் போன். அதுல சேந்தன்னு இருக்கும், தேடிக் கொடுங்க, எனக்குத் தெரியலை. ஆங், அதான். அமுக்குங்க...

இருங்க. அமுக்காதீங்க. கொடுங்க இப்படி.

போட்டு என்னன்னு சொல்றது?

ரெண்டு எழுத்து எங்கிட்ட இருக்குன்னா சொல்றது? அப்பா அவளுக்குன்னு சொன்னது இத்தனை வருஷமா என் சம்சாரம் கழுத்துல தொங்குச்சுன்னா?

அவ அன்னைக்கு, "இதுல எழுத்து"ன்னு ஆரம்பிச்சாளே தம்பி. ரெண்டு இருக்குன்னு சொல்ல வரலை அவ. ஒண்ணுதான் இருக்குன்னு சொல்ல வந்திருக்கா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூஜையில தன் காசைத் துடைச்சுப் பொட்டு வச்சவளுக்குத் தெரியாம இருக்குமா? காசு கைக்குப் போன நாள்லேர்ந்தே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறமும் என் வீட்டுக்கு வருவா, செண்பகம் கழுத்தைப் பார்ப்பா, "நல்லா இருக்கு அண்ணி"ம்பா. மகன் அந்தப் பேச்சுப் பேசறப்போ, "இல்லடா, அது மாமாகிட்டத்தான் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்? என்னை முட்டாள்னு சொல்ல விட்டா. அதுக்கு மேல சொல்ல விடலை.

புனிதா. எம்மா.

தண்ணி இருக்கா தம்பி? இல்லை, கண்ணுக்கு இல்லை, குடிக்கத்தான். கண்ணுல தண்ணி படக் கூடாது.

சரி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவளே கேக்கலை. கேட்டிருந்தா உடனே கொடுத்திருப்பேன். தெரிஞ்சும் கேக்கலைன்னா என்ன அர்த்தம்? அண்ணன்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டான்னுதானே அர்த்தம்? அப்புறம் நானாப் போய் மேடையில அதை எடுத்து வச்சா அவளுக்குத்தானே சங்கடம்? கல்யாண நேரத்துல பொண்ணு வீட்டுல பிரச்சினை கிளம்பினா மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பாங்க? நாலையும் பார்க்கணும். நான் தேஞ்சதைத்தானே எடுத்துக்கிட்டேன்? முழு எடையை அவளுக்குத்தானே கொடுத்தேன்? அது பொய்யா? தராசு பொய் சொல்லுமா?

பையில போட்டுட்டேன். நல்லா முடிச்சுப் போட்டாச்சு. கும்பகோணத்துல இறங்கினதும் நல்ல பட்டுப்புடவையா ஒண்ணு எடுத்துக்கறேன் பொண்ணுக்கு. புடவை வச்சாப் போதும் மாமன் சீருக்கு. தங்கம் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்களே.

அந்தப் படத்தை அழிச்சிடுங்க தம்பி. அழிச்சாச்சா? அதுல குப்பைக்கூடைன்னு ஒண்ணு இருக்குமாமே, அதுலேருந்தும் எடுத்துடுங்க. எனக்குக் காட்டுங்க. ம். உங்களைச் சந்தேகப்படலை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணையும் நான் குத்தம் சொல்லலை. ரோடு இப்படிக் கிடக்கு. ஓடுற பஸ்ல எதைப் பார்த்தாலும் ரெண்டாத்தான் தெரியும்.